"மற்றவை" என்ற ஊரிலிருந்து 121 பேர்

நேற்று எங்கள் சோலார் கடையின் மாதக் கூட்டத்தில் ஒரு பச்சைக் கோட்டுக்காக எல்லோரும் கைதட்டினார்கள். வேலூர்க் கோட்டைக்கு எதிரே நிற்கும் மலையைப் போல அது திரையில் செங்குத்தாக ஏறி நின்றது. போன மாதம் மட்டும் விசாரித்து வந்த புதிய தொடர்புகள் 1,412-ஆம். முதலாளிக்கு முகமெல்லாம் பல். சென்னையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிக்காரர், தாமே பெற்று வளர்த்த பிள்ளையைப் போல அந்தக் கோட்டைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

நான் கைதட்டவில்லை. அந்த 1,412 பேரில் 1,100 பேரைப் பழைய எக்செல் கோப்பிலிருந்து சி.ஆர்.எம்.மில், அதாவது வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருளில், ஏற்றியதே நான்தான். நான்கைந்து வருடங்களாக எங்கள் கையில் கிடக்கும் எண்கள் அவை. அவர்களில் பலர் எங்களிடம் சோலார் தகடு வாங்கி மாடியில் பதித்து, அதன் நிழலில் வற்றல் கூடையை ஒதுக்கி வைக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். மென்பொருளுக்கு அதெல்லாம் தெரியுமா? ஏற்றிய நாள்தான் அதற்குப் பிறந்த நாள். ஒரே மாதத்தில் 1,100 பிரசவம்! இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். "நல்ல நேரத்தில் எதற்கம்மா குறுக்கே பேசுகிறாய்?" என்று முதலாளி அடக்கிவிட்டார்.

சரி, மீதி 312 பேராவது புதியவர்களா? அதுவும் இல்லை. சத்துவாச்சாரியில் ஒரு குடும்பம். கணவர் தமது எண்ணிலிருந்து அழைத்தார். மனைவி வாட்ஸ்அப்பில் விலை கேட்டார். பெங்களூரில் இருக்கும் மகன் ஃபேஸ்புக் படிவத்தை நிரப்பினான். எங்கள் கணக்கில் மூன்று தொடர்புகள். அங்கே இருப்பது ஒரே மொட்டை மாடி, ஒரே மின் மீட்டர். மின் இணைப்பு எண்ணை வைத்துப் பொருத்திப் பார்த்தால் ஒரு வீடு ஒரு வீடாகத்தான் நிற்கும். மானியத்துக்கு விண்ணப்பிக்க எப்படியும் அந்த எண் வேண்டும், முதல் நாளே கேட்டு வாங்கிவிடலாம் என்று எத்தனை முறை சொல்லியாகிவிட்டது! கேட்டால் எண்ணிக்கை இறங்கிவிடுமே, பச்சைக் கோடு என்னாவது?

ஆனால் என் வயிற்றெரிச்சல் எண்ணிக்கையைப் பற்றியதல்ல. அந்த 312 பேர் எந்த வழியாக வந்தார்கள் என்ற பக்கத்தைத் திறந்தபோதுதான் எரிந்தது. மற்றவை 121. ஆட்டோ விளம்பரம் 83. ஃபேஸ்புக் 64. நேரடி வருகை 44. முடிந்தது.

ஆட்டோ விளம்பரமா? ஆட்டோவுக்குப் பின்னால் பதாகை கட்டுவதை நாங்கள் நிறுத்தி இரண்டு பொங்கல் ஆகிவிட்டது. கடைசியாகக் கட்டிய ஆட்டோவில் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் விளம்பரம் தொங்குகிறது, கண்ணால் பார்த்தேன். பிறகு எப்படி 83 பேர்? அகர வரிசைப் பட்டியலில் அதுதான் முதல் வரி. வந்த வழியைக் குறிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். பதிவு செய்யும் எங்கள் கடைப் பையன்கள் முதல் வரியைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் மனசாட்சி உள்ளவன் கடைசி வரி வரைக்கும் இறங்கி "மற்றவை"யைத் தொடுகிறான். அவ்வளவுதான் இரண்டுக்கும் வித்தியாசம். ஆட்டோ விளம்பரம் நன்றாக வேலை செய்கிறதே, மறுபடியும் கட்டலாமே என்று நேற்று முதலாளி கேட்டார். தலையில் அடித்துக்கொள்ள இரண்டு கை போதவில்லை.

நேரடி வருகை என்பது இன்னொரு கூத்து. யாரும் யாருக்கும் சொல்லாமல் எங்கள் இணையதளத்தின் பெயரை மனப்பாடமாகத் தட்டி உள்ளே வந்தவர்கள் என்று ஏஜென்சிக்காரர் விளக்கம் கொடுக்கிறார். அந்தப் பெயர் எனக்கே சரியாகத் தட்ட வராது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தொட்டு வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்ற தடயம் பெரும்பாலும் கூடவே வருவதில்லை. தடயம் இல்லாதவர்களை எல்லாம் மென்பொருள் "நேரடி" என்று எழுதிக்கொள்கிறது. அதற்காகத்தான் இணைப்பின் வாலில், எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யூ.டி.எம். குறிச்சொல் ஒட்டுங்கள் என்று கெஞ்சினேன். ஒட்டினார்கள். ஒரு மாதம் ஃபேஸ்புக் என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில், மறு மாதம் சிறிய எழுத்தில். தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸுக்கு அவை இரண்டும் வெவ்வேறு ஊர்கள்.

ஊர் என்றதும் நினைவு வருகிறது. பழைய கோப்பில் மாவட்டம் என்ற கட்டத்தில் ஆம்பூரும் வேலூர், வாலாஜாவும் வேலூர். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்களே, அதற்குப் பிறகு வந்தவர்கள் திருப்பத்தூர் என்றும் ராணிப்பேட்டை என்றும் சரியாக எழுதினார்கள். உடனே "ராணிப்பேட்டையில் அபார வளர்ச்சி" என்று ஒரு வரைபடம் போட்டுவிட்டார் ஏஜென்சிக்காரர். 1989-இல் பிரிந்துபோன வட ஆற்காட்டை இன்னும் முகவரியில் எழுதும் பெரியவர்களும் எங்களிடம் உண்டு. அவர்களை எந்த வளர்ச்சியில் சேர்ப்பார்களோ தெரியவில்லை. பின்கோடை வைத்துப் பிரிக்கலாம் என்றால், 632 என்று தொடங்கும் எண்களில் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியும் உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-இலேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பட்டியலில் காலியான அந்த இடத்துக்கு, வழி இல்லாமல் வந்த வாடிக்கையாளர் என்று எங்கள் கடையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் வெறும் கணக்குப் பிழை என்றால் நான் இவ்வளவு கத்த மாட்டேன். இந்தக் கணக்கை வைத்துத்தான் பணத்தை எங்கே போடுவது, எங்கே வெட்டுவது என்று முடிவு செய்கிறார்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் வந்து, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று தெரிந்த கோடையில், எங்களுக்கு வீடு வீடாக ஆள் பிடித்துக் கொடுத்தவர் காகிதப்பட்டறைப் பக்கத்து எலக்ட்ரீஷியன் ஒருவர். மின்விசிறி ஓடவில்லை என்று கூப்பிட்டால் போவார். அப்படியே மாடிக்கு ஏறி நிழல் விழுகிறதா என்று பார்த்து, "இந்தக் கடையில் கேளுங்கள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்" என்பார். அந்த ஒரு கோடையில் பதினொரு வீடுகள். பதினொன்றும் எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்போது நீள நோட்டில் "சொன்னவர்" என்று ஒரு பத்தி இருந்தது, எழுதியவள் நான்.

சி.ஆர்.எம். வந்தது, நோட்டு பரணுக்குப் போனது. பட்டியலில் எலக்ட்ரீஷியன் என்று ஒரு வரியே கிடையாது. அவர் அனுப்பியவர்கள் ஆட்டோவிலும் மற்றவையிலும் கரைந்துபோனார்கள். வருட முடிவில் அறிக்கை எடுத்தால், அறிமுகம் வழியாக வந்தவர்கள் பூஜ்யம். பூஜ்யத்துக்கு எதற்குச் செலவு? அவருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து வந்ததை நிறுத்தினார்கள். தீபாவளிக்கு அனுப்பும் ஆற்காடு மக்கன் பேடா டப்பாவையும் நிறுத்தினார்கள். அந்தப் பணம் ஃபேஸ்புக்குக்குப் போனது. அங்கிருந்து வந்த 64 பேரில் பாதிப் பேர், "நான் எந்தப் படிவமும் நிரப்பவில்லையே" என்கிறார்கள். படிவம் பெயரையும் எண்ணையும் தானாகவே நிரப்பிக்கொள்கிறது, விரல் பட்டால் போதும். மீதிப் பாதியில் சிலர் மாமனோ மச்சானோ சொல்லிக் கேட்டு, எங்கள் எண்ணைத் தேடும்போது கண்ணில் பட்ட விளம்பரத்தைத் தொட்டவர்கள். கடைசியில் தொட்டதற்குத்தான் பெயர். விருந்து சமைத்தவர் ஒருவர், வெற்றிலை நீட்டியவருக்கு மரியாதை!

எலக்ட்ரீஷியன் இப்போது எங்கள் பக்கம் வருவதில்லை. போன வாரம் புதிய பஸ் நிலையத்தில் பார்த்தேன். "நன்றாக இருக்கிறீர்களா அம்மா?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். வேறு எந்தக் கடையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ.

கூட்டம் முடிந்ததும் ஏஜென்சிக்காரரைப் பிடித்தேன். பட்டியலில் "எலக்ட்ரீஷியன்" என்று ஒரு வரி, பக்கத்தில் பெயர் எழுத ஒரு கட்டம், இவ்வளவுதான் கேட்டேன். ஜூன் மாதத்திலிருந்து மூன்றாவது முறை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதற்கென்று தனியாக எதற்கு அக்கா? மற்றவை இருக்கிறதே, அதில் போட்டுவிடுங்கள்."