நகலில் இருக்கும் குறியை அழிக்காதீர்கள்

ஆந்தை பொறித்த பழைய ஏதென்ஸ் வெள்ளிக் காசின் நகல் ஒன்றை ஒருவர் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். போட்டவர் பெயரை எழுதப் போவதில்லை. மூன்று வாரத்துக்கு முன் அதே காசை அவரே காட்டியபோது ஆந்தைக்குப் பக்கத்தில் 'காப்பி' என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. இப்போது இல்லை. எபாக்சி புட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, மேலே கறுப்பு ஏற்றிவிட்டு, "இப்பதான் அசல் மாதிரி இருக்கு" என்று எழுதியிருக்கிறார். கீழே கைத்தட்டலுக்குக் குறைவில்லை. பல வருடமாக நகல் சேகரிக்கிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நகலில் இருக்கிற குறியை அழிக்காதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நகல் வேறு, போலி வேறு. இரண்டும் ஒரே அச்சிலிருந்து வந்திருக்கலாம், ஒரே கை செய்ததாகக்கூட இருக்கலாம். இரண்டையும் பிரிப்பது அந்தக் குறி ஒன்றுதான். குறி இருக்கிறவரை பொருள் தன்னைப் பற்றித் தானே உண்மை சொல்கிறது. குறி போன பிறகு, வைத்திருப்பவர் சொன்னால்தான் உண்டு.

இது யாரோ பொழுதுபோகாமல் போட்ட விதியில்லை. அமெரிக்காவில் 1973-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. நகல் காசில் 'காப்பி' என்ற அந்தச் சொல் பள்ளமாகப் பதிந்திருக்க வேண்டும். அகலம் குறைந்தது 6 மில்லிமீட்டர், உயரம் 2, ஆழம் 0.3 என்று அளவே கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ராபர்ட் ரெடி மின்முலாம் முறையில் பழங்காசுகளுக்கு நகல் எடுத்தார். இரண்டு பக்கத்தையும் தனித்தனி ஓடாக எடுத்து, உள்ளே நிரப்பி ஒட்டுகிற வேலை அது. வெறும் கண்ணுக்கு அசல்தான். அதனால்தான் விளிம்பில் அவர் பெயரின் 'ஆர்ஆர்' எழுத்துகளையோ மியூசியத்தின் 'எம்பி' எழுத்துகளையோ முத்திரையாகக் குத்தினார்கள். அவ்வளவு திறமை இருந்தவருக்கு அந்த முத்திரை அவமானமாகப் படவில்லை.

இன்னொரு பக்கம் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர். பழங்காசுப் போலிகள் செய்த ஜெர்மானியர், 1830-இல் இறந்தவர். கிரேக்க, ரோமானியக் காசுகளுக்கு அச்சு வெட்டுவதில் மகா கெட்டிக்காரர். அடித்த காசுகளை இரும்புத் துருவலும் கொழுப்பும் போட்ட பெட்டிக்குள் வைத்து, வண்டியில் கட்டி ஊர் சுற்றுவார் என்று சொல்வார்கள். குலுங்கிக் குலுங்கிப் பழசாகிவிடும். கைத்திறனில் ரெடிக்கும் பெக்கருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் குறி வைத்தார், ஒருவர் வைக்கவில்லை.

"அண்ணே, நான் விக்கவா போறேன்? என் அலமாரியிலதானே இருக்கப்போகுது?" என்று கேட்கிறார்கள். நீங்கள் விற்க மாட்டீர்கள், நம்புகிறேன். ஆனால் உலோகம் உங்களைவிட அதிக நாள் இருக்கும். உங்களுக்குப் பிறகு அந்த அலமாரியைத் திறப்பது ஒரு மகளோ பேரனோ. எது நகல், எது அசல் என்று எந்தத் தாளிலும் எழுதி வைக்காமல் போயிருப்பீர்கள். அந்தப் பிள்ளை நல்ல மனதோடு விற்கும், வாங்குகிறவர் நல்ல மனதோடு வாங்குவார், நடுவில் ஒரு பொய் பிறந்திருக்கும். யாரும் சொல்லாத பொய்.

"எடை போட்டா தெரிஞ்சிடாதா?" தெரியும், தராசு இருக்கிறவருக்கு. ஏதென்ஸின் அந்த நான்கு திராக்மா (பழைய கிரேக்கப் பண அலகு) வெள்ளிக் காசு ஏறக்குறைய 17.2 கிராம். அதே அளவை வெள்ளீயக் கலவையில் வார்த்தால் 12 கிராம்தான் வரும். வார்ப்பாக இருந்தால் லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது பரப்பில் குண்டூசி முனையளவு குழிகள், ஆந்தையின் இறகில் மழுங்கிய கோடுகள், விளிம்பில் அச்சு சேர்ந்த தடம் தெரியும். புட்டி அடைத்த இடம் சாய்வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். புற ஊதா விளக்கில் பெரும்பாலும் தனி நிறமாகத் தெரியும். ஆனால் வெள்ளியிலேயே சரியான எடைக்கு அடித்த நகலும் கிடைக்கிறதே? அங்கே தராசும் கைவிட்டுவிடும். ஒரு படத்தைப் பார்த்து ஏமாறுகிறவரிடம் லென்ஸும் இல்லை, விளக்கும் இல்லை. குறிதான் அவருக்கிருந்த ஒரே துணை.

அடுத்தது, "குறி அழகைக் கெடுக்குது". இந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. இதில் பாதிக் குற்றம், நகல் செய்கிறவர்களுடையது. அவசரத்தில் எங்காவது குத்திவிடுகிறார்கள். செய்கிறவர்கள் கேளுங்கள்: மாஸ்டரிலேயே, அதாவது அச்சு எடுக்கிற மூல உருவிலேயே வெட்டுங்கள், அச்சுக்காகச் சிலிக்கான் ரப்பர் ஊற்றுவதற்கு முன்பே. அப்போதுதான் ஒரு வார்ப்புகூடத் தவறாமல் குறியோடு வெளிவரும். அச்சில் கீறினால் வார்ப்பில் எழுத்து மேடாக வரும், அதுவும் திரும்பி நிற்கும். மேடான எழுத்தை அரத்தில் நாலு இழுப்பில் எடுத்துவிடலாம். பள்ளமாகத்தான் வேண்டும். ரெசினில் (ஊற்றினால் இறுகிவிடும் பிளாஸ்டிக் திரவம்) வார்ப்பதென்றால் 1 மில்லிமீட்டர் ஆழம் வையுங்கள். அரை மில்லிமீட்டர் என்றால் பிரைமர், பெயின்ட், மெழுகு மூன்றும் சேர்ந்து தூர்த்துவிடும். எழுத்தின் சுவரை நட்டுக்குத்தாக வெட்டாமல் வாய் விரிந்த சரிவாக வெட்டுங்கள். இல்லாவிட்டால் சிலிக்கானில் மெல்லிய வரப்பாக நின்று, சில வார்ப்புகளிலேயே கிழிந்துவிடும். அந்த வரப்பின் ஓரத்தில் காற்றுக்குமிழ் தங்கும். முதலில் பிரஷ்ஷால் ஒரு பூச்சு ரெசின் தடவிவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

இடமும் முக்கியம். தலைக்கவசம் என்றால் உட்புறம், பின் விளிம்பை ஒட்டி, தோல் உறை மறைக்காத இடத்தில். வாள் என்றால் அலகில், பிடிக்குப் பக்கத்தில். பிடிக்குள் போய்விடும் வால் பகுதியில் வெட்டினால் கழற்றாமல் பார்க்க முடியாது, வெட்டியும் வெட்டாதது போலத்தான். ஸ்டிக்கரும் மையும் வேண்டாம், அசிட்டோன் பட்டால் போய்விடும்.

"வரலாற்றுப் பொருளுக்குச் சரி. சினிமா ப்ராப்புக்கு எதுக்கு? கற்பனைக்கு ஏது அசல்?" இருக்கிறது. கேமரா முன்னால் நடிகர் கையில் இருந்த ஒன்று அசல்தான். 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் கதாநாயகன் லூக்கின் லைட்சேபர் என்ற ஒளிவாளின் பிடி, பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் பிளாஷ் பிடியிலிருந்து செய்தது. அதற்காகவே அந்தப் பழைய பிளாஷ்களைத் தேடிப்பிடித்து மாற்றியவர்கள் உண்டு. நல்ல நகல்கள் வந்த பிறகு அந்தத் தேவை குறைந்தது. நகல் அசலைக் காப்பாற்றுகிற இடம் இது. அதே நகலில் குறி இல்லையென்றால் ஒருநாள் "ஷூட்டிங்கில் பயன்படுத்தியது" என்ற சீட்டோடு ஏலத்துக்கு வந்து நிற்கும்.

"என் பொருள், என் இஷ்டம்" என்பவர்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

வலிப்பது வேறொன்று. நகல் சேர்க்கிறவர்களை வெளியே எப்படிப் பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அசல் வாங்க வக்கில்லாதவன் என்பார்கள். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது. எகிப்தியக் கல்வெட்டான ரொசெட்டா கல்லுக்கு 1802-லேயே பிளாஸ்டர் வார்ப்பு எடுத்து ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், எடின்பரோ, டப்ளின் என்று நான்கு பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். கல் ஒரே இடத்தில் இருக்க, எழுத்து நான்கு ஊரில் படிக்கக் கிடைத்தது. 1939-இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் கிடைத்த தலைக்கவசம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள், துருப்பிடித்த பழுப்பு நிறம். அது வெள்ளி போலப் பளபளத்த கவசம் என்பதைக் கண்ணால் பார்க்க 1973-இல் பிரிட்டனின் ஆயுத அருங்காட்சியகமான ராயல் ஆர்மரீஸ் செய்த நகல்தான் வழிசெய்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் யாருக்கும் குழப்பம் வராது, அது நகல் என்று சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, நாங்கள் ஏமாற்றுகிறவர்கள் இல்லை என்று எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறோம்! அந்த ஒரு படம், அதற்குக் கீழே விழுந்த அத்தனை கைத்தட்டல். இனி எந்த முகத்தோடு வாதாடுவது?

தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் படத்துக்குக் கீழே இரண்டு வரிதான் எழுதினேன், மரியாதையாகத்தான் எழுதினேன். பொறாமை என்று பதில் சொல்லிவிட்டு என் வரிகளை நீக்கிவிட்டீர்கள். பரவாயில்லை. அந்தக் காசு இன்னும் கெட்டுப்போகவில்லை. புட்டியைச் சூடான ஊசியால் கிளறினால் வந்துவிடும், அடியில் பழைய பள்ளம் இருக்கும். தேய்த்ததில் அது மழுங்கியிருந்தால் 2 மில்லிமீட்டர் எழுத்துப் பஞ்ச் எடுத்து, காசைக் கனமான தோல் துண்டின் மேல் வைத்து, எழுத்துக்கு ஒரே அடி அடியுங்கள். இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து இரட்டையாகிவிடும். முதலில் ஒரு வெள்ளீயத் துண்டில் பழகிப் பாருங்கள். பஞ்ச் இல்லையென்றால் காசை எனக்கு அனுப்புங்கள், நான் குத்தித் தருகிறேன்.