ஃப்ரெஸ்னோவில் காத்திருந்த கேட்சர்

2010 ஏப்ரல், மே மாதங்களில் காலையில் எழுந்ததும் நான் முதலில் தேடியது எங்கள் பேஸ்பால் அணியான சான் பிரான்சிஸ்கோ ஜெயன்ட்ஸ் ஜெயித்ததா என்பதை அல்ல. ஃப்ரெஸ்னோவில் பஸ்டர் போசி என்ற இளம் கேட்சர் நேற்று என்ன அடித்தார் என்பதைத்தான். மேஜர் லீகில் ஆடும் ஜெயன்ட்ஸுக்கு ஒரு படி கீழே, மைனர் லீகின் உச்ச நிலையான டிரிபிள்-ஏயில் இருந்த அணி ஃப்ரெஸ்னோ கிரிஸ்லீஸ். போசிக்கு அப்போது 23 வயது. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2008ல் ஐந்தாவதாக எடுத்து, கையெழுத்துக்கு மட்டும் 62 லட்சம் டாலர் கொடுத்த பையன். ஃப்ரெஸ்னோவில் 47 ஆட்டங்களில் .349 சராசரியில் (ஆயிரம் வாய்ப்புக்கு 349 ஹிட்) அடித்துக்கொண்டிருந்தார். மேலே சான் பிரான்சிஸ்கோவில் ரன் எடுக்கத் தெரியாத ஓர் அணி, உலகத்தரமான பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) வைத்துக்கொண்டு 2-1, 1-0 என்று தோற்றுக்கொண்டிருந்தது. "இவனை ஏன் இன்னும் கூப்பிடவில்லை?" என்பதைத் தவிர அந்த இரண்டு மாதமும் நான் வேறு எதையும் பேசியதாக நினைவில்லை.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம், இந்தக் கேள்வி ஒவ்வொரு வசந்தத்திலும் ஏதாவது ஓர் ஊரில் முளைக்கிறது. பெயர்தான் மாறும். மைனர் லீகில் ஓர் இளம் கேட்சர் அடி பின்னிக்கொண்டிருப்பான், மேலே ஒரு வயதான கேட்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடுவார், நிர்வாகம் "அவன் இன்னும் பழக வேண்டும்" என்று சொல்லும். என் கருத்து இதுதான்: கீழே கற்றுக்கொள்ள முடிந்ததை அந்தப் பையன் கற்று முடித்த மறுநாளே மேலே கூப்பிட வேண்டும். அதற்கு மேல் ஒரு வாரம் வைத்திருந்தாலும் அது வீண். அவன் கற்று முடிக்கும் முன்னால் கூப்பிட்டால், அதைவிடப் பெரிய தப்பு.

பேஸ்பால் அதிகம் பார்க்காத நண்பர்களுக்காக: கேட்சர் என்றால் விக்கெட் கீப்பர் மாதிரி என்று நானும் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் சரி. கீப்பர், பவுலர் என்ன போட முடிவு செய்தாரோ அதைப் பிடிக்கிறார். இங்கே எந்தப் பந்து, எந்த இடத்தில் என்று கேட்கிறவரே கேட்சர்தான். ஓர் ஆட்டத்தில் கிட்டத்தட்ட நூற்றைம்பது முறை. எதிரணியின் ஒன்பது பேருக்கும் எது பிடிக்கும், எது பிடிக்காது, தன் பிட்சருக்கு இன்று எந்தப் பந்து வேலை செய்கிறது, அம்பயர் இன்று எந்த ஓரத்துப் பந்தை ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் அடிப்பவர் அவுட்) என்கிறார், எல்லாம் அந்த ஒரே தலைக்குள் இருக்க வேண்டும். அதுவும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி. அதனால்தான் மற்ற இடங்களில் 20 வயதில் மேலே வருபவர்களைப் பார்க்கலாம், கேட்சரில் அது அபூர்வம்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். மதுரைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இங்கே கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் பக்கத்துத் தெரு. அந்த ஏப்ரலில் ஒரு நாள் ஆட்டத்துக்குச் சேர்ந்து போயிருந்தோம். மேல் அடுக்கில் சீட்டு. நான் வழக்கம்போல போசி புராணம் பாடிக்கொண்டிருந்தேன். அவர் பேசாமல் தன் பைனாகுலரை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, பந்தைப் பாக்காத. மொலினா கையைப் பாரு."

பார்த்தேன். பெங்கி மொலினா, 35 வயது, உடம்பு கனத்த மனிதர். பந்து வெளி ஓரத்தில் வந்து விழுகிறது. கை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. பிடித்த பிறகு கையுறை ஒரு துளி அசையவில்லை. அம்பயர் நிதானமாகப் பார்த்து ஸ்ட்ரைக் என்கிறார். அடுத்து இரண்டு பந்து தள்ளிப் போனது. மொலினா எழுந்தார். அவசரமே இல்லாமல், வயலுக்குப் போகிற மாதிரி நடந்து பிட்சர் நிற்கும் மேட்டுக்குப் போனார். கையுறையால் வாயை மூடிக்கொண்டு பிட்சரிடம் இரண்டு வார்த்தை சொன்னார். பிட்சர் தலையாட்டினான், தோள் இறங்கியது. திரும்பவும் அதே நடையில் வந்து உட்கார்ந்தார். அடுத்த பந்து சரியான இடத்தில்.

"நீ மட்டையை மட்டும் பாக்குற. இந்தப் பசங்கள்லாம் யாரை நம்பிப் போடுறானுங்கன்னு யோசிச்சியா?" என்றார் அண்ணன்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. டிம் லின்சிகம் 2008லும் 2009லும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியது மொலினாவின் கையுறைக்குள் போட்டுத்தான். போசியோ கல்லூரியில் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவர். கேட்சராக மாறியதே 2007ல்தான். மூன்று வருடப் பழக்கம். நிர்வாகம் ஜனவரியில் மொலினாவை 45 லட்சம் டாலருக்கு இன்னொரு வருடம் எடுத்துக்கொண்டு, போசியை ஃப்ரெஸ்னோவுக்கு அனுப்பியதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இங்கேதான் நான் அண்ணனோடு இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. போசிக்குக் குறைந்தது என்ன? மண்ணில் குத்தி வரும் பந்தை நெஞ்சால் தடுப்பது, இரண்டாம் பேஸுக்கு எறிவது, இதெல்லாம் ஃப்ரெஸ்னோவில் பழகலாம். பழகியும் விட்டார். குறைந்தது லின்சிகமின் மனசு. மேட் கெய்னின் மனசு. ஜோனதன் சான்செஸ் ஒரு வாக் (நான்கு பந்து தள்ளிப் போனால் அடிப்பவருக்கு இலவசமாக முதல் பேஸ்) கொடுத்ததும் எப்படிக் கலங்குவார், எப்படி மீட்பது என்பது. அதை ஃப்ரெஸ்னோவில் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? அந்தப் பிட்சர்கள் அங்கே இல்லையே! 2009 செப்டம்பரில் போசியை மேலே அழைத்து ஒரு மாதம் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். 17 முறைதான் மட்டை பிடித்தார். அதற்குப் பதிலாக 2010 ஏப்ரலிலிருந்தே வாரத்துக்கு இரண்டு நாள் அவர், ஐந்து நாள் மொலினா என்று வைத்திருந்தால், பெரியவரின் பக்கத்தில் இருந்தே தொழில் கற்றிருப்பார். மேனேஜர் புரூஸ் போச்சி தானே ஒரு பழைய கேட்சர். அவருக்குத் தெரியாததா?

சரி, பணத்துக்கு வருவோம். அணி நிர்வாகங்கள் வெளியே சொல்வது "பழக வேண்டும்". உள்ளே ஓடுவது பல நேரம் நாள்கணக்கு. மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டுப் பணி. அப்படி ஆறு ஆண்டு முடித்தால்தான் ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகலாம். சீசனே அதைவிடச் சில நாள்தான் நீளம். ஆக, தொடக்கத்தில் இரண்டு மூன்று வாரம் கீழே வைத்தால் அணிக்கு இன்னொரு வருடம் கையில் வரும். 2015ல் சிகாகோ கப்ஸ் அணியில் கிறிஸ் பிரையன்ட்டுக்கு அந்த வருடம் சேர்ந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! அவர் முறையிட்டும் 2020ல் தீர்ப்பு அணிக்குச் சாதகமாகத்தான் வந்தது.

மே கடைசி, ஜூன் வரை நிறுத்தி வைப்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு ஆண்டு தாண்டியவர்களில் அதிக நாள் சேர்த்தவர்களுக்கு ஒரு வருடம் முன்னதாகவே சம்பளம் பேசும் உரிமை வந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் அணிகள் அந்த நாள்களில் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். போசி மேலே வந்தது 2010 மே 29. அவருக்கு 2012 முடிவில் அந்த உரிமை எப்படியும் வந்தது. அதற்குள் .336 அடித்து லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கியிருந்தார். 2013 மார்ச்சில் ஒன்பது வருடத்துக்கு 16.7 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். ஏப்ரலும் மேயும் ஃப்ரெஸ்னோவில் வைத்ததில் யார் எதைச் சேமித்தார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

போசிக்காவது 62 லட்சம் வங்கியில் இருந்தது. அதே ஃப்ரெஸ்னோ லாக்கர் ரூமில் வாடகைக்குத் தவிக்கும் பையன்களை நினைத்துப் பாருங்கள். மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்ததே 2023ல்தான். அதற்குப் பிறகும் டிரிபிள்-ஏயில் குறைந்தபட்சம் வருடத்துக்கு 35,800 டாலர். ஒரு படி மேலே அதே வருடம் 7,20,000. அந்த ஒரு படியில் ஒருவனை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பது எனக்கு ஆட்டத் தந்திரமாகத் தெரியவில்லை. கூலியைப் பிடித்து வைப்பதாகத்தான் தெரிகிறது.

லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்தில் இதைக் கொஞ்சம் சரிசெய்தார்கள். சிறந்த புதுமுகம் விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் எப்போது மேலே வந்திருந்தாலும் முழு ஆண்டும் சேரும். உடனே பலன் பெற்றவர் ஒரு கேட்சர்தான்: பால்டிமோரின் ஆட்லி ரட்ச்மன். வசந்தத்தில் கைத்தசைக் காயம், மே 21ல் அறிமுகம். அவர் வரும்போது அணி 16 வெற்றி, 24 தோல்வி. வந்த பிறகு 67 வெற்றி, 55 தோல்வி. எல்லாம் அவர் ஒருவரால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிட்சர்கள் அவரைக் கட்டிப்பிடித்த விதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது மறுபக்கம். எங்கள் ஜெயன்ட்ஸே செய்த தப்பு இது, நெஞ்சு பொறுக்காமல் சொல்கிறேன். ஜோயி பார்ட். 2018 டிராஃப்டில் இரண்டாவது. 2019ல் பந்து பட்டுக் கை உடைந்து பல வாரம் போனது. அந்த வருடக் கடைசியில் மறுபடி பந்து பட்டுக் கட்டைவிரல் முறிந்தது. 2020ல் கோவிட், மைனர் லீகே நடக்கவில்லை. தத்தெடுத்த இரட்டைக் குழந்தைகளுக்காகப் போசி அந்த சீசனில் ஆடவில்லை. ஆகஸ்ட் 20 அன்று டிரிபிள்-ஏயில் ஓர் ஆட்டம்கூட ஆடியிராத பார்ட்டை மேலே கூப்பிட்டார்கள். 33 ஆட்டம், 41 ஸ்ட்ரைக்அவுட், மூன்றே மூன்று வாக், ஹோம் ரன் இல்லை. டிவியில் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வளைந்து போகும் பந்துக்கு மட்டையை வீசிவிட்டு, அடுத்த நிமிடமே முகமூடியை மாட்டிக்கொண்டு இன்னொருவருக்கு யோசனை சொல்ல உட்கார வேண்டும். பக்கத்தில் கேட்க மூத்த கேட்சர் ஒருவரும் இல்லை. கீழே கற்க வேண்டியது பாதி இருக்கும்போதே இழுத்து வந்தார்கள். 2024ல் அவரை பிட்ஸ்பர்க் அணிக்குக் கொடுத்தார்கள். அங்கே போய் மட்டை நிமிர்ந்தது என்பதில் எனக்குச் சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்தே உண்டு.

ஜெயன்ட்ஸின் இன்னொரு கேட்சர் பாட்ரிக் பெய்லி கதை நேர்மாறு. 2022ல் ஒரு கீழ்நிலை அணியில் அவர் அடித்தது சுமார்தான். மட்டையை மட்டும் பார்த்தால் 2023ல் அவர் பெயரை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அப்போது ஜெயன்ட்ஸின் டிரிபிள்-ஏ அணி இருந்த சாக்ரமென்டோவில் சில வாரம்தான் இருந்தார். ஆனால் கை முழுதாகத் தயாராக இருந்தது. மே 19ல் வந்தார், இடத்தைப் பிடித்தார், 2024ல் சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது. இப்போதும் மட்டை பிரமாதம் இல்லை, ஆனாலும் பிட்சர்கள் விட மாட்டார்கள். கேட்சரை எடைபோடும்போது கையை முதலில் பாருங்கள், மட்டை அப்புறம் என்று அண்ணன் பைனாகுலரோடு சொன்னதை இவரில்தான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேட்சரின் உடம்பு வங்கிக் கணக்கு மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும். 2011 மே 25 இரவு, பன்னிரண்டாவது இன்னிங்ஸில், ரன் எடுக்க ஓடி வருபவர் தொட வேண்டிய ஹோம் பிளேட்டில் நடந்த மோதலில் போசியின் கால் எலும்பு முறிந்து, கணுக்கால் தசைநார் கிழிந்தது. முழு சீசனும் போனது. 2014ல் அந்த மாதிரி மோதலுக்கு எதிராக விதியே வந்தது. மினசோட்டாவின் ஜோ மாவர் தலையில் பட்ட அடியால் கேட்சிங்கையே விட்டு முதல் பேஸுக்குப் போனார். போசி 34 வயதில் ஓய்வு பெற்றார். அந்த முழங்கால்களில் மொத்தமே இத்தனை ஆட்டம்தான் என்றால், அதில் 47 ஆட்டத்தைக் காரணமில்லாமல் ஃப்ரெஸ்னோ மண்ணில் செலவழித்தது எனக்கு இன்னும் வலிக்கிறது.

போசி வந்தார், முதல் ஒரு மாதம் பெரும்பாலும் முதல் பேஸில். ஜூலை 1 அன்று மொலினாவை டெக்சாஸுக்குக் கொடுத்தார்கள். அன்று நான் ஆபீஸில் கைதட்டினேன். அண்ணனிடமிருந்து ஃபோன் வரவில்லை. இரண்டு வாரத்தில் அதே மொலினா பாஸ்டனில் சிங்கிள், டபுள், டிரிபிள், ஹோம் ரன் நான்கையும் ஒரே ஆட்டத்தில் அடித்தார். அவர் மூன்றாம் பேஸுக்கு மூச்சிரைக்க ஓடியதைப் பார்த்தபோதுதான் கைதட்டியது தப்பு என்று பட்டது. அண்ணனை நானே கூப்பிட்டேன். "பாத்தியா தம்பி" என்றார், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஜெயன்ட்ஸ் தன் பிரிவில் முதலிடம் பிடித்ததே கடைசி நாளில்தான். அக்டோபர் 3, சான் டியேகோவுக்கு எதிராக 3-0. எட்டாவது இன்னிங்ஸில் போசியின் ஹோம் ரன். வெறும் இரண்டு ஆட்ட வித்தியாசம். ஏப்ரலிலேயே அவர் இருந்திருந்தால் கடைசி நாள் வரை நகம் கடித்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி. மொலினாவிடம் கற்ற அந்த மாதம் இல்லாவிட்டால் அக்டோபர் நாக்அவுட் ஆட்டங்களே இல்லை என்பது அண்ணன் கட்சி.

அக்டோபர் 31, ஆர்லிங்டன். இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் நான்காவது ஆட்டம். எதிரே டெக்சாஸ்; அவர்களின் அணியில் மொலினா. எங்கள் மேட்டில் 21 வயது மாடிசன் பம்கார்னர், பிளேட்டுக்குப் பின்னால் 23 வயது போசி. பிட்சரும் கேட்சரும் இருவருமே புதுமுகங்களாக வேர்ல்ட் சீரிஸ் ஆட்டத்தைத் தொடங்கியது 1947க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அந்த வசந்தத்தில் இருவரும் ஃப்ரெஸ்னோவில் ஒரே அணியில் இருந்தவர்கள். எட்டு இன்னிங்ஸ், ஒரு ரன்கூட விடவில்லை. நடுவில் ஒரு முறை போசி எழுந்து மேட்டுக்குப் போனார். அவசரமே இல்லாத நடை, வாயை மூடிய கையுறை, இரண்டு வார்த்தை. என் வீட்டு சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் டிவியையே பார்த்துக்கொண்டு என் தொடையில் மெதுவாகத் தட்டினார்.