கறுப்புத் துணியைக் கழற்றுங்க மச்சான்

16 தடவை எடுத்தேன் அந்த வீடியோவை. பதினாறு! கறுப்பு உடை, கறுப்பு முகமூடி, முதுகில் பிளாஸ்டிக் கத்தி. உயேனோ கோட்டைப் பூங்காவில் ஒரு கல்திட்டின் மேல் ஏறி மச்சான் குதிக்க வேண்டும். நான் கீழே குந்தி உட்கார்ந்து அண்ணாந்து எடுக்க வேண்டும். வானத்திலிருந்து இறங்கியதுபோல் தெரிய வேண்டும். முதல் தடவை முகமூடி கண்ணை மறைத்துவிட்டது. இரண்டாவது தடவை கத்தி காலுக்குள் மாட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை பின்னால் ஒரு பாட்டி நாயைக் கூட்டிக்கொண்டு போனார். நான்காவதில் குதித்தார், ஆனால் விரல் முத்திரை வைக்க மறந்துவிட்டார். "மாப்ள, இன்னொண்ணு."

ஜப்பானில் குடியிருக்கிறவர்களுக்கு நான் முன்கதை சொல்லத் தேவையில்லை. ஊரிலிருந்து ஆள் வந்தால் ஃபூஜி மலை, புல்லட் ரயில், அடுத்த கேள்வி "அந்த நிஞ்சா ஊர் எங்க இருக்கு?" நாகோயாக்காரன் பாடு இன்னும் மோசம், அந்த நிஞ்சா ஊரான இகா பக்கத்தில்தானே இருக்கிறது என்பார்கள். பக்கமா? கமேயாமாவில் இறங்கி டீசல் வண்டிக்கு மாறி, மலைக்குள்ளே ஊர்ந்து போய், இகா-உயேனோவில் இறங்கி, முகப்பில் முறைக்கிற கண் வரைந்த குட்டி ரயிலில் ஏறிப் போக வேண்டும். இது எனக்கு ஆறாவது தடவை. ஆறு தடவையும் கறுப்பு உடை வாடகைக்கு எடுத்தார்கள். ஆறு தடவையும் போட்டோ எடுத்தது நான்தான்.

அந்த ஊரை நான் குறை சொல்ல மாட்டேன். 2017இல் தன்னையே நிஞ்சா நகரம் என்று அறிவித்துக்கொண்ட ஊர் அது. பிழைக்க வேண்டும், கடை நடக்க வேண்டும். என் கோபம் அதில்லை. ஒன்பதாவது தடவைக்கும் பத்தாவது தடவைக்கும் நடுவில், மூச்சு வாங்க உட்கார்ந்த மச்சானிடம், உண்மையில் இந்த நிஞ்சாக்கள் யார், போரில் என்ன வேலை பார்த்தார்கள் என்று நான் ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். சண்டை போடுவது இவர்களுடைய முதல் வேலை இல்லை, வேவு பார்ப்பதும் தீ வைப்பதும்தான் என்றேன். அவர் முகமூடியை மோவாய்க்கு இறக்கிவிட்டுக் கேட்டார்: "அப்போ ஒண்ணுமே பண்ணலையா மாப்ள? சும்மா வேவுதான் பார்த்தாங்களா?"

சும்மாவா?

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. பதினோரு வருஷமாக லீவு நாளெல்லாம் இந்த நாட்டுக் கோட்டை மேடுகளில் ஏறி இறங்குகிறவன் நான். ஒரு பள்ளத்தாக்கே உயிரைக் கொடுத்துச் செய்த வேலை எப்படிச் 'சும்மா' ஆகும்?

1562. பின்னாளில் டொகுகாவா இயெயாசு என்ற பேரில் ஜப்பானையே ஆண்டவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. அவருடைய மனைவியும் பிள்ளையும் இமாகாவா குடும்பத்தின் பிடியில், சுன்பு நகரத்தில் பிணையாக இருந்தார்கள். படை திரட்டிப் போனால் முதலில் போவது அவர்கள் உயிர்தான். அதனால் அவர் கை வைத்தது காமினோகோ என்ற கோட்டையில், இமாகாவாவின் ஆளான உடோனோ நாகதெரு இருந்த இடம். மேட்டுமேல் கோட்டை, நேராக முட்டினால் எத்தனை பேர் சாவார்களோ. இகாவுக்கு அடுத்த நிஞ்சாப் பகுதியான கோகாவிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். ராத்திரியில் உள்ளே நுழைந்தார்கள். காவல் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். கோட்டைக்காரர்களைப் போலவே உடுத்தியிருந்ததால், உள்ளேயிருந்தவர்களுக்கு வெட்டுகிறவன் யார், வெட்டுப்படுகிறவன் யார் என்றே தெரியவில்லை, நம்மாளே துரோகம் செய்துவிட்டான் என்று கலங்கிப்போனார்கள் என்று பழைய வரலாற்று நூல் சொல்கிறது. நாகதெரு செத்தார். அவருடைய மகன்கள் இரண்டு பேரையும் உயிரோடு பிடித்தார்கள். அந்த இரண்டு பேரைக் கொடுத்துத்தான் இயெயாசு தன் மனைவியையும் பிள்ளையையும் மீட்டார்.

இதைச் சொன்னால் மச்சான் கேட்கிறார், "பார்த்தீங்களா, ராத்திரி மதில் ஏறியிருக்காங்க. அப்போ இந்த டிரெஸ்தானே?"

கோட்டைக்காரர்களைப் போலவே உடுத்தியிருந்தார்கள் என்று இப்போதுதானே சொன்னேன்! வாய் மூடவில்லை நான்!

சரி, கறுப்புத் துணி. கபூக்கி நாடகத்தில் தலைமுதல் கால்வரை கறுப்பு உடுத்திய உதவியாளர்கள் மேடைக்கு வந்து பொருள்களை எடுத்து வைப்பார்கள். பார்க்கிறவர்கள் அவர்களை இல்லாததாகவே பாவிக்க வேண்டும், அது அங்கே மரபு. கண்ணுக்குத் தெரியாதவன் என்றால் கறுப்பு உடை என்ற அந்த வழக்கத்தைத்தான் பின்னாளில் நாடகமும் படங்களும் ஒற்றனுக்கு மாட்டிவிட்டன என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள். சந்தையில், சத்திரத்தில், எதிரி ஊர்க் கிணற்றடியில் ஒருவன் கறுப்பு முகமூடியோடு நின்றால் விட்டுவிடுவார்களா? நாலு பேர் சேர்ந்து கட்டிவைத்து உதைக்க மாட்டார்களா? 1681இல் கிஷு நாட்டு நாதோரி என்பவர் எழுதிய 'ஷோனின்கி' ஏழு வேடங்களைச் சொல்கிறது. கூடைத் தொப்பி போட்டுக் குழல் ஊதும் துறவி, பௌத்தப் பிக்கு, மலைச் சாமியார், வியாபாரி, வித்தை காட்டுகிறவன், கூத்தாடி. ஏழாவது, சாதாரண ஆள். வெறும் சாதாரண ஆள்! துறவி வேடத்தில் போய்த் துருவி அறிபவனே ஒற்றன் என்று பள்ளிக்கூடத்திலேயே குறள் ஒப்பித்த நமக்கு இது புரியாதா?

வேடம் மட்டும் போதாது, பேச்சு வேண்டும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1638 இருக்கிறது. கியூஷு தீவில் நடந்த ஷிமாபாரா கிளர்ச்சியில் ஹாரா கோட்டையை முற்றுகை போட்டிருந்த, நாட்டை ஆண்ட ஷோகுனின் படைக்குக் கோகா ஆட்கள் ஒரு பத்துப் பேர் போனார்கள். அகழி எவ்வளவு ஆழம், மதில் எவ்வளவு உயரம், பாதை எப்படி என்று இருட்டில் பார்த்துவந்து சொன்னார்கள். தானிய மூட்டைகளைத் திருடி வந்தார்கள். உள்ளே பட்டினி கிடக்கும் எதிரியிடமிருந்து ஒரு மூட்டை குறைவது ஒரு நாள் குறைவதற்குச் சமம். ஆனால் உள்ளே கலந்து தங்க முடியவில்லை. கோட்டைக்குள் இருந்தவர்கள் கிறிஸ்தவர்கள், பேசியது கியூஷு வழக்கு. அவர்கள் பேச்சும் புரியவில்லை, ஜெபமும் புரியவில்லை. ஒரு ராத்திரி நுழைந்தபோது ஒருவன் குழியில் விழுந்தான். தூக்கிவிட்டுக் கூட்டிக்கொண்டு கல்லடி பட்டுக்கொண்டே திரும்பினார்கள், வரும்போது எதிரியின் கொடி ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு. எனக்கு இவர்கள்மேல் பாசம் வருவதே இந்தக் கல்லடியால்தான். இவர்கள் மாயாவிகள் இல்லை, மனிதர்கள்.

பதினொன்றாவது தடவை. குதிக்கும்போது நட்சத்திரத் தகட்டை வீச வேண்டுமாம். கூட வந்த மச்சான் மகனுக்கு ஒன்பது வயது, அவனைப் பக்கவாட்டில் நிற்க வைத்து அட்டை நட்சத்திரத்தைக் கொடுத்து, "அப்பா குதிக்கும்போது நீ வீசு" என்கிறார். இரும்பு விலை என்ன, இரும்பைத் தூக்கி எறிந்துவிட்டு வர இவர்கள் என்ன பிரபுக்களா? எறிபடை சாமுராய்களும் பழகியதுதான், இவர்களுக்கென்று தனிச்சொத்தில்லை. துரத்துகிறவன் காலில் குத்த, குளத்தில் காய்க்கும் முள்ளுக்காயைக் காயவைத்துத் தூவினார்கள். காசில்லாத முள். செய்தி சொல்ல, அரிசியை ஐந்து நிறத்தில் சாயம் தோய்த்து வழியில் போட்டு வைத்தார்கள். கூட்டாளிக்கு அது எழுத்து, மற்றவர்களுக்குச் சிந்திய அரிசி. இதைச் சொன்னதும் பையன் நட்சத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "எந்தெந்த நிறம் மாமா?" என்று கேட்டான். நீலம், மஞ்சள், சிவப்பு, கறுப்பு, ஊதா என்று நான் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருக்கும்போதே மச்சான் மேலேயிருந்து கத்துகிறார்: "மாப்ள, வெளிச்சம் போகுது!"

அந்த மேடு எது தெரியுமா? மச்சான் கல்திட்டில் ஏறி ஏறிக் குதித்த அந்த மேடு?

கோட்டை வருவதற்கு முன்னால் அங்கே ஹெய்ராகு-ஜி என்ற கோயில் இருந்தது. இகாவின் சிறு நிலக்காரர்கள் கூடி முடிவெடுத்த இடம். அவர்களுக்கு மேலே பிரபு கிடையாது. தாங்களே கூடினார்கள், தாங்களே சட்டம் எழுதினார்கள். படையெடுப்பு வந்தால் 17 வயது முதல் 50 வயது வரை எல்லாரும் களத்துக்கு வர வேண்டும். எதிரிக் கோட்டையைப் பிடித்துத் தரும் குடியானவனுக்குச் சாமுராய் தகுதி. இந்தச் சட்டம் எழுத்தில் இருக்கிறது. உழுதவன், அறுத்தவன், ராத்திரி ஆயுதம் எடுத்தவன் எல்லாம் ஒரே ஆள்தான். அவர்களை அப்போது யாரும் நிஞ்சா என்று கூப்பிடவில்லை, ஷினோபி என்றார்கள். கிழக்கே சில பகுதிகளில் 'குசா' என்றார்கள். குசா என்றால் புல். புல்லுக்குள் புல்லாகப் படுத்துக் கிடப்பவன். கறுப்பு முகமூடியை விட அந்த ஒரு சொல்லில் எவ்வளவு விஷயம் இருக்கிறது!

1579இல், ஜப்பானைத் தன் கீழ் கொண்டுவரப் போரிட்டுக்கொண்டிருந்த ஓடா நொபுனாகாவின் மகன் நொபுகட்சு, அப்பாவைக் கேட்காமல் படை கொண்டு வந்தான். கணவாய் ஒவ்வொன்றையும் அறிந்த இகாக்காரர்கள் துரத்தி அடித்தார்கள். அவனுடைய தளபதி ஒருவர் செத்தார். அப்பனுக்கு வந்த கோபத்தில், இனி இப்படிச் செய்தால் அப்பன் பிள்ளை உறவே இல்லை என்று மகனுக்குக் கடிதம் எழுதினார். இரண்டு வருஷம் கழித்து, 1581இல், அவரே 40,000க்கு மேற்பட்ட படையை நாலா பக்கமும் ஏவினார். பிறகு இருட்டும் வேடமும் என்ன செய்யும்? ஊர் ஊராக எரிந்தது. கோயில்கள் எரிந்தன. ஹெய்ராகு-ஜியும் எரிந்தது. பெண்கள், பிள்ளைகள் என்று பார்க்கவில்லை. அந்தச் சாம்பல் மேட்டின் மேல்தான் பிறகு கோட்டை எழுந்தது. அங்கே நின்றுதான் "சும்மா வேவுதான் பார்த்தாங்களா" என்று கேட்டார் என் மச்சான்.

நான் கத்திவிட்டேன். பொது இடம், ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் ஜப்பானியர்கள் குழந்தை குட்டியோடு உட்கார்ந்து டப்பாச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். "செத்தவங்க மச்சான்! இந்த இடத்துல நின்னு போராடிச் செத்தவங்க!" என்று தமிழில் அலறினேன். ஒரு நிமிஷம் அமைதி. மச்சான் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, பெரியவர், விருந்தாளி. "பெரிய விஷயம்தான் மாப்ள," என்றார். நானும் தணிந்தேன். அப்புறம் முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி, ஹட்டோரி ஹன்சோ மாதிரி ஒண்ணு மட்டும்," என்றார்.

ஹட்டோரி ஹன்சோ! படங்களில் நிஞ்சாத் தலைவனாகக் காட்டுகிறார்களே, அவர்தான். இயெயாசுவின் நாடான மிகாவாவில் பிறந்து வளர்ந்தவர், இகா அவருடைய அப்பாவின் ஊர். ஈட்டிக்காரர். 'ஈட்டி ஹன்சோ' என்றே பேர். படை நடத்திய சாமுராய். டோக்கியோவில் அவர் கல்லறை இருக்கும் கோயிலில் அவருடைய ஈட்டியைக்கூட வைத்திருக்கிறார்கள். ஈட்டி! முதுகுக் கத்தி இல்லை!

பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. பதினைந்தாவதில் போன் மெமரி நிறைந்துவிட்டது. என் பழைய படங்களை, காமினோகோ மேட்டில் நான் எடுத்து வைத்திருந்த படங்களை அழித்து இடம் பண்ணிக் கொடுத்தேன். பதினாறாவது நன்றாக வந்ததாம்.

திரும்பும் வழியில் பூங்காவுக்குள்ளேயே பாஷோவுக்கு எழுப்பிய மண்டபம். வட்டக் கூரை, அவருடைய பயணத் தொப்பியைப் போலவே. 1644இல் இதே இகாவில் பிறந்த மகாகவி. ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம் என்றேன். "இவரும் நிஞ்சாதானாமே, யூடியூப்ல பார்த்தேன்," என்று சொல்லிக்கொண்டே மச்சான் வாடகை உடையைத் திருப்பிக் கொடுக்க ஓடினார். கவிதை எழுதிக்கொண்டு நாடு முழுக்க நடந்த ஒரு மனிதரைக்கூட விட்டுவைக்க மாட்டார்களா?

உடை மாற்றியதில் ரயில் போய்விட்டது. அடுத்த வண்டி வர ஒரு மணி நேரம். மச்சான் பெஞ்சில் தூங்கிவிட்டார். பையன் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தப்பித்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டான். சில பேர் மிகாவாவுக்கு ஓடினார்கள், அங்கே இயெயாசு அவர்களுக்கு அடைக்கலம் தந்தாராம் என்றேன். மறு வருஷமே, 1582இல், கியோட்டோவில் நொபுனாகாவைச் சொந்தத் தளபதியே முடித்துவிட, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு சாகாயில் மாட்டிக்கொண்ட இயெயாசு இந்த இகா மலை வழியாகத்தான் கடற்கரைக்கு ஓடினார். வழிகாட்டி, காவல் நின்று, கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பாற்றிக் கூட்டிப்போனவர்கள் இகா, கோகா ஆட்கள். அந்த நன்றிக்குத்தான் பின்னால் இன்றைய டோக்கியோவான எடோவின் கோட்டையில் அவர்களுக்குக் காவல் வேலை கிடைத்தது. பையன் வாயைத் திறந்தபடி கேட்டான். எனக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், குடும்பக் குரூப்பில் அந்தப் பதினாறாவது வீடியோ. "நிஞ்சா கோட்டையில் நம்ம மாஸ்" என்று எழுதி, 43 இதயங்கள். அதில் ஒன்று என் மனைவியுடையது. கீழே மாமியார் கேட்டிருக்கிறார்: "மாப்பிள்ளை மட்டும் ஏன் கறுப்பு டிரெஸ் போடல? வாங்கிக் குடுக்கலையா?"

படித்துவிட்டு அப்படியே சோபாவில் சாய்ந்து சிரித்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது, சிரிப்புக்கூடச் சத்தமாக வரவில்லை.

அது போகட்டும். ஊரிலிருந்து கிளம்பும்போது ஒரு கிலோ காபிப்பொடி வாங்கிவாருங்கள், சிக்கரி வேண்டாம் என்று மூன்று தடவை போன் பண்ணிச் சொன்னேன். பெட்டியைத் திறந்தால் அரைக் கிலோ. சிக்கரி கலந்தது. அதிலும் கால் கிலோவை அவரே குடித்துத் தீர்த்துவிட்டார்.