தொடக்கக் கால அமெரிக்கப் பத்திரிகைகள் நடுநிலை வகிக்கவில்லை

அமெரிக்கக் குடியரசின் முதல் ஆண்டுகளில் பத்திரிகைகள் கட்சி சாராமல் செய்தியை மட்டுமே தந்தன என்றும், சார்பு பின்னாளில் தொலைக்காட்சியால் வந்தது என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது உண்மைக்கு நேர்மாறானது.

1789இல் ஜான் ஃபென்னோ தொடங்கிய 'கெசட் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்', நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் தரப்பை வெளிப்படையாகவே தாங்கிப் பிடித்தது. அதற்கு எதிராக 1791 அக்டோபரில் பிலடெல்ஃபியாவில் 'நேஷனல் கெசட்' இதழைத் தொடங்கிய கவிஞர் பிலிப் ஃப்ரெனோவுக்கு, ஹாமில்டனின் அரசியல் எதிராளியான வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சன் தம் துறையிலேயே ஆண்டுக்கு 250 டாலர் சம்பளத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்திருந்தார். அரசைக் கடுமையாகத் தாக்கிய இதழின் ஆசிரியர், அதே அரசிடம் சம்பளம் வாங்கியவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அந்தச் சம்பளம் மொழிபெயர்ப்புக்கா, இதழில் எழுதுவதற்கா என்று 1792 ஜூலையில் ஹாமில்டனே தம் பெயரை மறைத்து, ஃபென்னோவின் இதழில் சில வரிக் கடிதம் ஒன்றின் மூலம் கேட்டார்.

1798இன் அரசு நிந்தனைச் சட்டம் குடியரசுத் தலைவரையும் நாடாளுமன்றமான காங்கிரஸையும் அவதூறிலிருந்து காத்ததே தவிர, எதிர்த்தரப்பைச் சேர்ந்தவராயினும் அப்போது துணைத் தலைவராக இருந்த ஜெஃபர்சனை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. தலைவர் ஜான் ஆடம்ஸைச் சாடி எழுதிய வெர்மான்ட் மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன், அச்சட்டத்தின்கீழ் 4 மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்று, சிறையில் இருந்தபடியே தேர்தலில் மீண்டும் வென்றார்.