படுக்கைக்குக் காப்பீடு, மாத்திரைக்கு?

சித்தப்பாவுக்கு இதயக் குழாயில் அடைப்பு என்று தெரிந்த இரவு, ரேஷன் அட்டையோடு பாலிதீன் உறையில் சுற்றி வைத்திருந்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத்தான் சித்தி முதலில் தேடி எடுத்தார். மறுநாள் மாலைக்குள் அனுமதி வந்து, ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். வீட்டை அடகு வைக்காமலேயே ஒரு கட்டட மேஸ்திரி உயிர் பிழைத்தார். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் ஜெயலலிதா ஆட்சியில் பெயரும் வடிவமும் மாறி, 2018இல் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என வளர்ந்த இந்த ஏற்பாட்டைக் கைவிட எந்தக் கட்சிக்கும் துணிவு வராததில் வியப்பில்லை. (ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற விதிக்குள் மேஸ்திரி கூலி எப்படி அடங்கியது என்று நான் கேட்கவில்லை.)

செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அனுமதிக்கு முன் எடுத்த சோதனைகளுக்கென்று அந்த மருத்துவமனை தனியாகப் பணம் வாங்கிக்கொண்டது. ரசீதில் ‘இதர செலவு’ என்று மட்டும் இருந்தது. அது ஒருமுறைச் செலவு. ரத்தம் உறையாமலிருக்கவும் கொழுப்பைக் குறைக்கவும் மாதந்தோறும் வாங்க வேண்டிய மாத்திரைகளோ ஆயுள் முழுவதும் தொடர்பவை. பெரும்பாலும் உள்நோயாளிக்காகவே வகுக்கப்பட்ட காப்பீடு இதைத் தொடுவதில்லை. ஏழைக் குடும்பங்களைச் சிறுகச் சிறுக அரிப்பது புறநோயாளிச் செலவுதான்.

அந்த இடத்தைத் தமிழ்நாடு வேறு வழியில் முன்பே அடைத்திருக்கிறது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை வணிகப் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே பாதையில் கழகங்களை அமைத்தன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

ஆகவே காப்பீட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பிரீமியமாகப் போகும் பணத்தில் எவ்வளவு தனியாருக்குப் போகிறது, எவ்வளவு அரசு மருத்துவமனைகளுக்கே திரும்புகிறது என்பதை, மருந்துக் கொள்முதல் செலவுக்குப் பக்கத்தில் வைத்து ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் விவாதிக்க வேண்டும். சித்தப்பா இப்போது மாதம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறார். மூன்றில் இரண்டு மாத்திரைகள் அங்கே கிடைக்கின்றன, மூன்றாவதை வெளியே வாங்குகிறார்.