இருட்டு வீடும் மரண நெடுஞ்சாலையும்

2019-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’ உண்மைக்கு மிக நெருக்கமான போர் வீடியோ கேம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

லண்டன் கேம்டன் பகுதியில் நள்ளிரவில் ஒரு வீட்டுக்குள் நுழையும் கட்டம் இருக்கிறதே, அதற்கு இணை சொல்வது கடினம். இருளிலும் பார்க்க உதவும் இரவுக்கண்ணாடியின் பச்சை வெளிச்சத்தில் ஒவ்வொரு படியாக ஏறுகிறோம். ஒரு பெண் தொட்டிலை நோக்கி ஓடுகிறாள். எடுக்கப்போவது துப்பாக்கியா, குழந்தையா? யோசிக்க ஒரு நொடிதான். எனக்குக் கை வியர்த்துவிட்டது.

கதை விஷயத்தில்தான் கோபம். உர்சிக்ஸ்தான் என்று கற்பனை நாட்டையே படைத்தவர்கள், ‘மரண நெடுஞ்சாலை’ என்ற பெயரை மட்டும் நிஜத்திலிருந்து எடுத்து, பழியை ரஷ்யர்கள் தலையில் கட்டிவிட்டார்கள். 1991-இல் குவைத்திலிருந்து பின்வாங்கிய ஈராக்கியர்கள் மீது அந்தச் சாலையில் குண்டு பொழிந்தவை அமெரிக்கா தலைமையிலான கூட்டணியின் விமானங்கள். துப்பாக்கியில் தோட்டா நிரப்பும் கையசைவுக்குக் காட்டிய அக்கறையை வரலாற்றுக்குக் காட்டவில்லை. கட்டுரையாளரும் இதைத் தொடவே இல்லை.

கணினியில் அந்த கேம் 200 ஜிபிக்கு மேல் இடத்தை விழுங்கியது தனிக்கதை.