நாலாவது முள்ளங்கி

டோக்கியோவில் நிஷி-கசாய் என்று ஓர் இடம். தடுக்கி விழுந்தால் ஒரு சாஃப்ட்வேர் இந்தியர் மேல்தான் விழ வேண்டும். அங்கே ஒரு பழைய குடியிருப்பின் இரண்டாம் மாடியில் கணேசனும் பாலுவும் ஒரே வீட்டைப் பங்கு போட்டிருக்கிறார்கள். கணேசனுக்கு 41 வயது, திருநெல்வேலிப் பக்கம், குடும்பம் ஊரில். பாலுவுக்கு 27, மதுரை, குடும்பம் இனிமேல்தான். ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை மாலை. கணேசன் போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். பாலு உள்ளே வருகிறான். தோள்பையிலிருந்து வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது.

கணேசன்: என்னடா அது, கிரிக்கெட் மட்டையா?

பாலு: முள்ளங்கி, அண்ணே.

கணேசன்: (காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு) வெளியே வை.

பாலு: வெளியே மூன்று டிகிரி.

கணேசன்: அதற்கு என்ன, ஸ்வெட்டரா கேட்கிறது? டேய், நாலு வருஷம் ஹாஸ்டலில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் முள்ளங்கி சாம்பார். எங்கள் பிளாக்கில் யாரும் காலண்டரே வாங்கவில்லை. மூக்கை வைத்தே கிழமை சொல்வோம்.

பாலு: அது முள்ளங்கியின் குற்றம் இல்லை. அதன் உள்ளே காரத்துக்கான சரக்கு ஒரு பக்கம் இருக்கும், அதைக் கிளப்பிவிடும் நொதி இன்னொரு பக்கம் இருக்கும். ஒரே வீடு, தனித்தனி அறை. கத்தி பட்டுச் சுவர் உடைந்தால்தான் இரண்டும் சந்திக்கும். உடனே காரம்தான்.

கணேசன்: நம்மைப் போல.

பாலு: நம்மைப் போலத்தான். நமக்கும் சமையலறையில் மட்டும்தானே சண்டை? அந்த வாடை வேறு கதை. கொதிக்கக் கொதிக்கக் கந்தகம் கலந்த ஆவி கிளம்பும். உங்கள் மெஸ்ஸில் விடியற்காலை அடுப்பில் ஏற்றி, மதியம் மணி அடிக்கும் வரை இறக்கியே இருக்க மாட்டார்கள்.

கணேசன்: சரி, எப்படியோ போ. பிரிட்ஜில் வைத்து மூடு.

(பாலு பிரிட்ஜைத் திறக்கிறான். திறந்த வேகத்தில் மூடுகிறான்.)

கணேசன்: ஏன் மூடினாய்?

பாலு: ஒன்றும் இல்லை.

கணேசன்: திற.

(திறக்கிறான். ஏற்கெனவே இரண்டு முள்ளங்கிகள் படுத்திருக்கின்றன. ஒன்று இலையோடு. கணேசனின் தயிர் டப்பா மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.)

கணேசன்: மூன்றா! கூட்டுக் குடும்பமா நடத்துகிறாய்?

பாலு: ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலாவது சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது. பாதி 128 யென், முழுசு 198.

கணேசன்: நமக்குப் பாதியே அதிகம்.

பாலு: இரண்டு பாதி வாங்கினால் 256. முழுசாக வாங்கியதில் 58 யென் லாபம்.

கணேசன்: இரண்டு பாதி வாங்கச் சொல்லி உன்னை யார் அழுதார்கள்?

பாலு: இரண்டாவது, கீழ் வீட்டுப் பாட்டி கொடுத்தது. சாய்தாமாவில் அவர் தம்பிக்குத் தோட்டம் இருக்கிறதாம். அதனால்தான் இலையோடு இருக்கிறது. கடையில் இலையை வெட்டிவிடுவார்கள், விட்டால் அது கிழங்கில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும்.

கணேசன்: உன்னைப் போல. என் சம்பளத்தில்...

பாலு: வாடகையில் பாதி நான்தான் தருகிறேன். மூன்றாவது, இது பிரசாதம்.

கணேசன்: முள்ளங்கி பிரசாதமா?

பாலு: பிள்ளையார் கோயிலில் கொடுத்தார்கள்.

கணேசன்: டேய், சாமி விஷயத்தில் விளையாடாதே.

பாலு: சத்தியமாக. அசகுசாவில் மட்சுசியாமா ஷோடென் என்று ஒரு புத்தக் கோயில். ஷோடென் என்றால் நம் விநாயகர்தான். பௌத்தத்தோடு சீனா வழியாக இங்கே வந்து சேர்ந்தவர். கங்கிடென் என்றும் பெயர். உள்ளே இருக்கிற சிலையை யாருக்கும் காட்ட மாட்டார்கள். ஆனால் கோயில் முழுக்கப் பாருங்கள், இரட்டை முள்ளங்கியும் பணப்பையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். முள்ளங்கி உடம்புக்கும் குடும்ப ஒற்றுமைக்கும், பை வியாபாரத்துக்கும். வருகிறவர்கள் தேங்காய் உடைப்பதில்லை, முள்ளங்கியை வாங்கிப் படைக்கிறார்கள். ஜனவரி 7 அங்கே முள்ளங்கித் திருவிழா.

கணேசன்: கொழுக்கட்டை கேட்கிற சாமிக்கு முள்ளங்கியா? நாடு விட்டு நாடு வந்தால் பிள்ளையாருக்கே மெஸ் சாப்பாடுதானா?

பாலு: நம் நாட்டிலேயே பழைய பிள்ளையார் சிலைகள் சிலவற்றில் கையில் முள்ளங்கி உண்டு, அண்ணே. நாம்தான் கொழுக்கட்டையை மட்டும் கவனித்திருக்கிறோம். உங்கள் பெயரே கணேசன். நீங்களே முள்ளங்கியை வெளியே வை என்றால் எப்படி?

(கணேசன் போர்வைக்குள் இருந்தபடியே பிரிட்ஜைப் பார்த்து ஒரு கும்பிடு போடுகிறார்.)

கணேசன்: சரி, பிரசாதம் இருக்கட்டும். மற்ற இரண்டையும் தூக்கிப் போடு.

பாலு: ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் எங்கே?

கணேசன்: அது எதற்கு இப்போது?

பாலு: இடுப்பு எவ்வளவு?

கணேசன்: மூச்சை இழுத்தா, விட்டா?

பாலு: விட்டு.

கணேசன்: 91.

பாலு: இந்த நாட்டில் ஆண்களுக்கு 85 சென்டிமீட்டர்தான் கோடு. 2008லிருந்து நாற்பது வயது தாண்டியவர்களுக்கு டேப் வைத்து அளக்கிறார்கள். நீங்கள் ஆறு சென்டிமீட்டர் எல்லை தாண்டியவர். முள்ளங்கியில் 100 கிராமுக்குச் சுமார் 18 கலோரிதான். நூற்றில் தொண்ணூற்று நாலு பங்கு தண்ணீர்.

கணேசன்: தண்ணீர்தான் குழாயில் வருகிறதே. அதற்கு 198 யென் எதற்கு?

பாலு: மிச்சம் ஆறு பங்குக்கு. அதில் நார்ச்சத்து இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது, ஃபோலேட் இருக்கிறது, வைட்டமின் சி 20 மில்லிகிராம் போல இருக்கிறது. இலையில் இதைவிட அதிகம். கால்சியம் கிழங்கில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு இலையில் உண்டு.

கணேசன்: அப்படியானால் இலையைத் தின்றுவிட்டுக் கிழங்கைத் தூக்கிப் போட வேண்டியதுதானே? இத்தனை வருஷமாக எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பாலு: இலை இன்றைக்குப் பொரியல். கிழங்கை மூன்றாகப் பிரிக்க வேண்டும். கழுத்துப் பக்கம் பச்சையாக இருக்கிறது பாருங்கள், ஜப்பானியர்களே அதைப் பச்சைக் கழுத்து என்றுதான் சொல்கிறார்கள். அது இனிப்பு, பச்சையாகவே கடிக்கலாம். நடுப்பகுதி வேக வைக்க. வால்தான் ரொம்பக் காரம், அதைத் துருவ வேண்டும். துருவியதைப் பொரித்த மீனுக்கோ, நம் பஜ்ஜி மாதிரி மாவில் தோய்த்துப் பொரிக்கிற தெம்புராவுக்கோ தொட்டுக்கொண்டால் எண்ணெய் திகட்டாது. அதில் மாவுச்சத்தை உடைக்கிற நொதியும் இருக்கிறது. நீங்கள் தின்கிற சோற்றுக்கு அது கட்டாயம் வேண்டும்.

கணேசன்: அப்போது நான்கு வருஷம் சாம்பாரில் தின்றேனே, அந்த நொதி?

பாலு: சூடு பட்டால் அது செத்துவிடும்.

கணேசன்: மெஸ்ஸில் உயிரோடு எதுவும் வெளியே வந்ததில்லை. நாங்கள்தான் எப்படியோ வந்தோம்.

பாலு: தெற்கே கியூஷூவில் ஒரு அதிகாரி இருந்தாராம். முள்ளங்கிதான் சகல நோய்க்கும் மருந்து என்று தினமும் காலையில் இரண்டைச் சுட்டுத் தின்பார். ஒருநாள் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளேயிருந்து யாரென்றே தெரியாத இரண்டு வீரர்கள் வந்து எல்லோரையும் விரட்டியடித்தார்கள். நீங்கள் யார் என்று கேட்டால், நீங்கள் தினமும் நம்பித் தின்ற முள்ளங்கிகள் நாங்கள்தான் என்று சொல்லிவிட்டு மறைந்துவிட்டார்களாம். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு துறவி எழுதி வைத்த கதை.

கணேசன்: நான் தின்ற கணக்குக்கு எனக்கு ஒரு படையே வர வேண்டும். போன மாதம் அப்ரைசல் நடந்தபோது ஒருத்தனும் வரவில்லையே?

பாலு: நீங்கள் நம்பித் தின்னவில்லை. திட்டிக்கொண்டே தின்றீர்கள்.

(பாலு வெட்ட ஆரம்பிக்கிறான். இரண்டு விரற்கடை கனத்துக்கு வட்டம் வட்டமாக. அரிசி கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றாமல் பாத்திரத்தில் பிடிக்கிறான்.)

கணேசன்: கழுநீரை எதற்குப் பிடிக்கிறாய்? மாடு வாங்கப் போகிறாயா?

பாலு: முள்ளங்கியை முதலில் இதில்தான் வேக வைப்பார்கள். கசப்பும் காரமும் போய் வெள்ளையாக வரும். பாட்டி சொல்லிக் கொடுத்தார். வட்டத்தின் ஓரத்தை இழைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடு ஒன்று மோதி உடையும். அடியில் கண்ணுக்குத் தெரியாமல் குறுக்கே இரண்டு கீறல். அப்போதுதான் சாறு நடு வரைக்கும் இறங்கும்.

கணேசன்: ஒரு முள்ளங்கிக்கு இவ்வளவு உபசாரமா? எனக்குக் கல்யாணத்தில் இவ்வளவு நடக்கவில்லை. என்ன செய்தாலும் முள்ளங்கி முள்ளங்கிதான். நான் தொட மாட்டேன். கீழே கடைக்குப் போய், சாற்றில் வேக வைத்து விற்பார்களே ஓடென், அதை வாங்கிச் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

பாலு: ஓடெனா? அதில் எதை வாங்குவீர்கள்?

கணேசன்: குளிர்காலம் வந்தால் தினமும் அதுதானே. ஒரு முட்டை. அப்புறம் வட்டமாக, பழுப்பாக, கரண்டி பட்டாலே இரண்டாகப் பிளக்குமே, அது மூன்று. வாயில் வைத்தால் கரைந்துவிடும். ஏதோ ஜப்பான் பூசணி. இந்த நாட்டுக்கு வந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான்.

(பாலு கத்தியைக் கீழே வைக்கிறான்.)

பாலு: அண்ணே.

கணேசன்: என்ன?

பாலு: உட்காருங்கள்.

கணேசன்: உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

பாலு: அது பூசணி இல்லை.

(நீண்ட மௌனம். அடுப்பில் கழுநீர் கொதிக்கும் சத்தம்.)

கணேசன்: ஐந்து வருஷமாகவா?

பாலு: தினமும் மூன்று.

கணேசன்: காசு கொடுத்து! முள்ளங்கிப் பத்தை மாதிரி யென் யென்னாக எண்ணி வைத்து, முள்ளங்கிப் பத்தையையே வாங்கியிருக்கிறேன்!

பாலு: இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாறு மீனில் இறக்கியது.

கணேசன்: சனிக்கிழமையும் சாப்பிட்டேனே!

(கணேசன் எழுந்து பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அந்தப் பத்து நிமிஷத்தை நாம் பார்க்க வேண்டாம். திரும்பி வரும்போது துவரம்பருப்பு டப்பா அவர் கையில் இருக்கிறது.)

கணேசன்: நகர். பெயர் போனது போனதுதான். புளி எங்கே? உன் மிசோ என்கிற சோயா விழுதும் வேண்டாம், மீன் சாறும் வேண்டாம். கழுநீரில் வெந்ததை எடுத்து சாம்பாரில் போடுகிறேன். கடைசிக் கொதியில்தான் போட வேண்டும். எங்கள் மெஸ் மாஸ்டர் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

(ஒன்றரை மணி நேரம் கழித்து. கணேசன் மூன்றாவது முறை சோறு போட்டு முடித்திருக்கிறார்.)

பாலு: வாடை அடித்ததா?

கணேசன்: சாப்பிடும்போது பேசாதே. (விரலை வழித்துவிட்டு) சரி, இன்னும் இரண்டு மிச்சம். எனக்கு ஒரு யோசனை. இந்த சாம்பாரை ஒரு டப்பாவில் ஊற்றிப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டு வா. அவர் கொடுத்த முள்ளங்கிக்குப் பதில் செய்தாகிவிட்டது, கணக்குத் தீர்ந்தது.

பாலு: தீராது. இங்கே ஒன்று வாங்கினால் பதிலுக்கு ஒன்று கொடுத்தே ஆக வேண்டும். டப்பா வெறுமனே திரும்பி வராது.

கணேசன்: எங்கள் அம்மாவும்தான் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். சர்க்கரை வந்தால் வரட்டும், போ.

(பாலு போய்விட்டு வருகிறான். இருபது நிமிஷத்தில் அழைப்பு மணி. கணேசன் கதவைத் திறக்கிறார். பாட்டி, முகம் நிறையச் சிரிப்பு. ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் இலையோடு ஒரு முள்ளங்கி. டப்பாவுக்குள் மஞ்சள் மஞ்சளாக முள்ளங்கி ஊறுகாய், தக்குவான். கணேசன் கண்களை அகல விரித்து, நெஞ்சில் கை வைத்து, மூன்று முறை குனிந்து, தனக்குத் தெரிந்த நாலு ஜப்பானிய வார்த்தைகளையும் மூச்சு விடாமல் சொல்கிறார். கதவு சாத்தப்படுகிறது.)

பாலு: டைகோன் யாகுஷா.

கணேசன்: என்ன திட்டுகிறாய்?

பாலு: முள்ளங்கி நடிகர். நடிக்கத் தெரியாதவனை இங்கே அப்படிச் சொல்வார்கள். முள்ளங்கி எப்படித் தின்றாலும் வயிற்றைக் கெடுக்காது. சாப்பாடு வயிற்றைக் கெடுப்பதற்கும் நாடகம் ஓஹோ என்று ஓடுவதற்கும் இவர்களிடம் ஒரே சொல். முள்ளங்கியும் அதைச் செய்யாது, அந்த நடிகனும் அதைச் செய்ய மாட்டான்.

கணேசன்: பாட்டி நம்பிவிட்டார், அது போதும். (டப்பாவைத் திறந்து, மூடி) டேய், இது ஹாஸ்டல் வாடை.

பாலு: ஊற வைத்தால் அப்படித்தான். மஞ்சள் நிறம்கூட அந்தக் காரச் சரக்கு உடைவதால் வருவதுதான். சில கடைகளில் சாயம் போடுவார்கள், பாட்டியின் தக்குவான் சுத்தம்.

கணேசன்: இப்போது கையில் எத்தனை?

பாலு: ஒன்றைச் சமைத்தோம், ஒன்று வந்தது. மறுபடியும் மூன்று. அப்புறம் இந்த டப்பா. இதையும் வெறுமனே திருப்பித் தர முடியாது.

(கணேசன் நீண்ட நேரம் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.)

கணேசன்: அந்தப் பிள்ளையார் கோயில் நாளைக்குத் திறந்திருக்குமா?

பாலு: திறந்திருக்கும். ஏன்?

கணேசன்: மூன்றையும் கொண்டுபோய்ப் படைத்துவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வெறுங்கையோடு வந்துவிடலாம்.

பாலு: படைத்தால் பிரசாதம் கொடுப்பார்கள், அண்ணே.